காலி

ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை மலை.
பனி இல்லை.
வெர்ரா ஆற்றங்கரைச் சுரங்கம்
கொட்டிக் கொட்டி வளர்த்த சமையலுப்பு.
வேண்டியதை எடுத்துக்கொண்டு
வேண்டாததைக் குவித்தால் மலையாகும் என்பதை
இங்கே வேலைக்கு வந்த முதல் வாரமே கற்றேன்.

வேண்டியதன் பெயர், இவர்கள் மொழியில், காலி.
பொட்டாசியம்.
என் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று
ஏழாம் படுக்கைக்காரரிடம் நான் சொல்லவில்லை.

எக்கேஹார்ட் ஃபெல்பிங்கர், எழுபத்தொரு வயது,
முப்பத்தாறு வருடம் மண்ணுக்கடியில்
காலி வெட்டியவர்.
இப்போது அவர் இரத்தத்தில் அது
இரண்டு புள்ளி ஏழு.
குறைந்தது மூன்றரை இருக்க வேண்டும்.

குற்றவாளி ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.
காலையில் ஒன்று, மதியம் ஒன்று.
களைத்த இதயம் தள்ள முடியாத நீர்
கணுக்காலில் தேங்கி, நெஞ்சுக்கு ஏறி,
படுத்தால் மூச்சு முட்டிய இரவுகளில்
அவரைக் கரையேற்றியதும் அதே மாத்திரைதான்.
ஆகவே குற்றவாளி என்பதும் சரியில்லை.
சிறுநீரகத்திடம் அது சொன்னது ஒன்றே ஒன்று:
உப்பை வெளியே கொட்டு.
கொட்டியது.
சுரங்கம்போலப் பிரித்தெடுக்கத் தெரியாத வேலையாள்,
உப்போடு சேர்த்துக் காலியையும் வாரிக் கொடுத்தது.

இரவில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது.
தொடைகள் படியேற மறந்தன.
திரையில் அவர் இதயம் எழுதும் கோட்டில்
ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால்
ஒரு சிறு மேடு, இருக்கக்கூடாத இடத்தில்.
அதைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன்.

நரம்பில் மெல்லப் பொட்டாசியம் ஏற்றினோம்.
"எரிகிறது" என்றார்.
வேகத்தைக் குறைத்தேன்.
"இத்தனை வருடம் கையால் அள்ளியிருக்கிறேன்,
ஒருநாளும் எரிந்ததில்லை" என்றார்,
வளர்த்த நாய் கடித்த முகத்தோடு.

மறுநாள் இரண்டு புள்ளி எட்டு.
அதற்கும் மறுநாள்
இரண்டு புள்ளி எட்டு.
ஓட்டைக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் ஸ்ட்ரூபெல் தாளைப் புரட்டினார்.
"மெக்னீசியம் பார்த்தீர்களா?"
யாரும் பார்த்திருக்கவில்லை.
அதே மாத்திரை, அதே வாசல் வழியாக,
அதையும் அனுப்பிவைத்திருந்தது.
அது இல்லாத உடம்பில் பொட்டாசியம் தங்காது என்று
டாக்டர் விளக்கத் தொடங்க,
ஃபெல்பிங்கர் சிரித்தார்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
"கார்னலைட்!" என்றார்.
"செம்பழுப்புப் பாறை, டாக்டர்.
காலியும் மெக்னீசியமும் ஒரே படிகத்தில் இருக்கும்.
தனித்தனியே வெட்ட எந்த எந்திரத்தாலும் ஆகாது.
என்னிடம் கேட்டிருக்கலாமே!"

மெக்னீசியம் ஏறிய இரண்டாம் நாள்
மூன்று புள்ளி ஆறு.
கோட்டில் இருந்த மேடு தணிந்தது.
வெளியே இருப்பது தணிகிற ஜாதி இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது புது மாத்திரை ஒன்று,
பொட்டாசியத்தை விடாமல் பிடித்துவைப்பது.
அவர் மனைவி ரோஸ்விதா கைப்பையிலிருந்து
ஒரு டப்பாவை எடுத்தார்.
சோடியம் குறைந்த உப்பு,
இதயத்துக்கு நல்லதென்று இரண்டு வாரம் முன்பு வாங்கியது.
பொடி எழுத்தைப் படித்தேன்: பொட்டாசியம் குளோரைடு.
இனி இது வேண்டாம் என்றேன்.
வெளியேறுவது நின்றால்
உள்ளே வருவதும் குறைய வேண்டும்.
கூடினாலும் இதயம் நிற்கும்.

"குறைந்தாலும் சாவு, கூடினாலும் சாவு.
பிறகு எங்கேதான் வாழ்கிறோம்?"
"மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில்."
"அவ்வளவு ஒடுக்கமா?" என்றார் ரோஸ்விதா.
"நான் அதைவிட ஒடுக்கத்தில் தவழ்ந்திருக்கிறேன்"
என்றார் அவர், ஷூ நாடாவைக் கட்டியபடி.

ஜனவரியில் அவர்கள் தெரு வழியாகப் போனேன்.
வாசற்படியில் உறைந்திருந்த பனிமேல்
ரோஸ்விதா அந்த உப்பைத் தூவிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் டப்பாவைக் கவிழ்த்து
அடியில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினார்.
ஒன்றும் விழவில்லை.

"காலி" என்றேன்,
வாய் தவறி, என் மொழியில்.

"ஆமாம்," என்று தலையசைத்தார்,
"காலிதான்.
அவர் தோண்டியதாகக்கூட இருக்கலாம்."